முழக்கமும் முறுவலும்

(மேடைப் பேச்சுப் பழக வந்த இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்று மாலை என் எதிரே அமர்ந்து கேட்டவர்கள் நூறு பேர் இருப்பர். இன்று காலை ஏட்டை விரித்து இதனைப் படிக்கும் நீங்களோ, எந்தத் திண்ணையில், எந்தத் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருக்கிறீர்களோ, நானறியேன். அங்கே பேசியதை உங்களிடமே பேசுவதாகக் கொள்ளுங்கள். ‘இந்த இடத்தில் கைதட்டல்’ என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டாம் என ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். ஏனெனில், அந்தக் கைதட்டலைப் பற்றியதே இந்தப் பேச்சு!

மேடை ஏறியவனுக்கு மூன்றாம் கூட்டத்திலேயே ஓர் உண்மை புலப்பட்டுவிடும். ‘ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்’ என்று பேசுங்கள், தலையசைப்பார்கள். ‘ஆற்றுக்குப் பாலம் வேண்டும்’ என்று பேசுங்கள், பொறுமையோடு கேட்பார்கள், பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவார். ‘வாலாட்டும் வம்பர்களே! வரிப்புலிக் கூட்டம் இது! சீறினால் சிதறிப் போவீர்கள்!’ என்று பேசுங்கள், பந்தற்கால் ஆடும்! பாலத்துக்குக் கணக்கு வேண்டும், பள்ளிக்குப் பணம் வேண்டும், வரிப்புலிக்கு? வாய் ஒன்று போதும்!

நானும் அந்த வாய் வாணிகம் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளாட்சித் தேர்தல், ஊர்ப்பெயர் வேண்டாம். எங்கள் கொடிக்கம்பத்தின் கயிற்றை எவனோ அறுத்துவிட்டான் என்றார்கள். ஒலிபெருக்கியின் முன் நின்று முழங்கினேன்: “எங்கள் கொடிக்கயிற்றின் மேல் கை வைத்தவன், பொழுது விடிந்ததும் தன் கையைத் தேடட்டும்!” மேசை மேலிருந்த சோடாவை நான் குடித்து முடிக்கும் வரையில் ஆரவாரம் ஓயவில்லை. அந்த ஒரு தொடருக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் உலகை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். தன் குற்றத்தைச் சொல்ல வேண்டியவன் சுற்றி வளைத்துத்தானே வருவான்!

சுற்றைச் சென்னைக் கடற்கரையிலேயே தொடங்கலாம். 1914 செப்டம்பர் 22, இரவு. ‘எம்டன்’ என்னும் செருமானியப் போர்க்கப்பல் இருளில் வந்து நின்று குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் மாண்டனர். அரைமணி நேரத்து வேலை, கப்பல் போய்விட்டது. ஊர் என்ன செய்தது? மூட்டை முடிச்சோடு ஓடியது. ஓடியவர்களைப் பழிக்க நான் யார்? ஆனால் ஓடித் திரும்பிய பிறகு நம் மக்கள் செய்ததைப் பாருங்கள்! நடுங்க வைத்த கப்பலின் பெயரையே பறிமுதல் செய்துகொண்டார்கள். சத்தமின்றி வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போகும் கெட்டிக்காரன் எவனோ, அவன் ‘எம்டன்’! வீட்டிலே பிள்ளைகளைக் கிடுகிடுக்க வைக்கும் தகப்பன் எவனோ, அவன் ‘எம்டன்’! அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’யிடம் அடிபட்டு ஒழிந்தது. பெயர் மட்டும் ஒழியவில்லை. நூறாண்டு கடந்தும் நம் வீட்டுக் கூடங்களில் உலவுகிறது. பீரங்கிக்கு எதிர்ப் பீரங்கி இல்லாதவன் பெயரை எடுத்துக்கொண்டு கணக்கைத் தீர்த்துக்கொண்டான்.

நகைக்குரிய நிலைக்களன்களைத் தொகுத்த தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். ஏன் முதலில் வைத்தார் என்று உரையாசிரியர்கள் சொல்லட்டும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான், பட்டம் பெறாதவன், பட்டதைச் சொல்கிறேன். எள்ளல் இருபுறமும் கூர் உடையது. எந்தப் புறம் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் சிரிக்கக் கூடாது.

நாடகம் எழுதுபவனல்லவா, அடுத்ததைக் காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

இடம்: பெர்லின் நகர், ஸ்போர்ட்பலாஸ்ட் மாளிகை. காலம்: 1940 செப்டம்பர் 4. நிகழ்ச்சி: பனிக்காலத்தில் ஏழைகளுக்கு உதவும் நிதித் திட்டத்தின் தொடக்க விழா. ஆம், தோழர்களே, அறப்பணி விழா! அவையில் பெருந்திரளாக அமர்ந்திருப்போர் பெண்கள், செவிலியர், தொண்டு நிறுவனத்தார். மேடையில் இட்லர். பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லின்மீது குண்டு போடத் தொடங்கியிருந்த நேரம். பேசுகிறார்: “இங்கிலாந்திலே ஆவலோடு கேட்கிறார்களாம், ‘ஏன் அவன் இன்னும் வரவில்லை?’ என்று. பொறுங்கள்! வருகிறான்! வருகிறான்!” அவை குலுங்கிச் சிரிக்கிறது. அடுத்த மூச்சில் சொல்கிறார், அவர்கள் நம் நகரங்களைத் தாக்கினால் நாம் அவர்கள் நகரங்களைத் துடைத்தழிப்போம் என்று. அவை எழுந்து ஆர்ப்பரிக்கிறது. அப்போது பெர்லினிலிருந்த அமெரிக்கச் செய்தியாளர் வில்லியம் ஷைரர், அந்தப் பெண்களின் சிரிப்பையும் வெறிகொண்ட கையொலியையும் குறித்து வைத்திருக்கிறார்.

சிரித்தவர் யார் என்பதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் கைகள்! குழந்தைக்குக் கம்பளி கொடுக்க வந்த கைகள்! அந்தக் கைகள் அல்லவா தட்டின, ஒரு மாநகரைத் துடைத்தழிக்கும் செய்திக்கு! அவர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்களா? அல்லர். முதலில் அவர்களைச் சிரிக்க வைத்தான் பேச்சாளன். சிரித்த வாய் மூடுவதற்குள் கொலைச் சொல்லை ஊட்டிவிட்டான். நகைச்சுவையைத் தேனாகத் தடவி நஞ்சை விழுங்கச் செய்தது அந்த மேடை. பேச்சுக் கலை பழக வந்திருக்கும் இளைஞர்களே, இதைவிடத் திறமையான மேடைத் தந்திரம் எனக்குத் தெரியாது. இதைவிட இழிவானதும் தெரியாது.

மூன்றே நாள். செப்டம்பர் 7 அன்று இலண்டன்மீது விமானங்கள் கூட்டங் கூட்டமாக வந்தன. அன்றிலிருந்து 57 இரவுகள் இடைவிடாமல் வந்தன என்று எழுதுவர். 1941 மே வரையில் நீண்ட அந்தக் குண்டுவீச்சில் பிரிட்டனில் மாண்ட பொதுமக்கள் ஏறத்தாழ 43,000 பேர்.

இப்போது காட்சி மாறுகிறது. இலண்டன் தெரு. கடையின் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. கதவைக் காணோம், சுவரில் பாதியைக் காணோம். கடைக்காரன் கண்ணாடித் தூளைக் கூட்டி ஒதுக்குகிறான். பிறகு ஓர் அட்டையை எடுத்து எழுதித் தொங்கவிடுகிறான்: ‘வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருக்கிறோம்!’

அந்த அட்டை ஒரு விமானத்தையும் வீழ்த்தவில்லை. ஒரு குழந்தையையும் காப்பாற்றவில்லை. ஆனால் பெர்லின் மாளிகையின் சிரிப்புக்கும் இந்த அட்டையின் சிரிப்புக்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். அங்கே சிரித்தவர், பிறர்மேல் விழப்போகும் குண்டுக்குச் சிரித்தனர். இங்கே சிரித்தவன், தன்மேல் விழுந்த குண்டைப் பார்த்துச் சிரித்தான்.

பிரான்சு வீழ்ந்தபோது, ‘மூன்றே வாரத்தில் கோழிக்குஞ்சின் கழுத்தைத் திருகுவதுபோல் இங்கிலாந்தின் கழுத்தும் திருகப்படும்’ என்று பிரெஞ்சுப் படைத்தலைவர்கள் தங்கள் அமைச்சர்களிடம் சொன்னார்களாம். 1941 டிசம்பர் 30 அன்று கனடா நாட்டு நாடாளுமன்றத்தில் அதை எடுத்துச் சொன்ன சர்ச்சில், சற்றே நிறுத்தி, “நல்ல கோழிதான்!” என்றார். சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும், “நல்ல கழுத்துதான்!” என்றார். சீற்றமில்லை, சூளுரை இல்லை. கோழியும் கழுத்தும் போதுமானவையாக இருந்தன.

சர்ச்சிலுக்கு மாலை சூட்டுகிறாயா என்று கேட்பீர்கள். மாலையை எடுத்தேன், கை பாதியில் நின்றுவிட்டது. 1943இல் வங்கத்தில் பஞ்சம்; இறந்தோர் முப்பது இலட்சம் வரை என்று கணக்கிடுவர். இந்தியாவுக்கு உணவு அனுப்புங்கள் என்று வைசிராய் வேவல் இலண்டனுக்குத் தந்திமேல் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். 1944 சூலையில் தம் நாட்குறிப்பில் அவர் எழுதுகிறார்: காந்தி ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்டுச் சர்ச்சிலிடமிருந்து எரிச்சலோடு ஒரு தந்தி வந்தது, உணவைப் பற்றிய என் தந்திக்கு மட்டும் மறுமொழியே இல்லை என்று! கோழிக் கழுத்தைப் பற்றிப் பேசிய அதே நாக்கு, தோழர்களே! குண்டின் கீழே நின்றபோது அது சொன்னது வீரம். சோற்றுப் பானைக்கு மேலே நின்றபோது அது கேட்டது? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், அதற்கு என்ன பெயர் என்று.

‘அப்படியானால் செருமானியருக்கு நகைச்சுவையே இல்லையா?’ என்று அன்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டார். நல்ல கேள்வி. ஒரு நாட்டுக்கு நகையுணர்ச்சி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்று முத்திரை குத்துவது சோம்பேறிகளின் வேலை. ஆங்கிலேயன் அசையான், பிரெஞ்சுக்காரன் பணிவான், செருமானியன் சிரியான் என்றெல்லாம் சிரிப்புக் கதைகள் எத்தனையோ உண்டு. படுகுழியில் இல்லாதவன், படுகுழியில் இருப்பவனின் முகபாவத்துக்கு மதிப்பெண் போடும் கதைகள் அவை!

பெர்லினிலே ‘கட்டகோம்பே’ என்றொரு சிற்றரங்கம் இருந்தது. வெர்னர் பிங்க் என்பவர் அதன் நகைச்சுவைக் கலைஞர். நாசி ஆட்சி வந்த பின்னும் மேடையேறினார். அவையிலே ஒற்றர்கள் அமர்ந்து, அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிங்க் அவர்களைப் பார்த்து அன்பொழுகக் கேட்பார்: “விரைவாகப் பேசுகிறேனோ? நீங்கள் என்னைத் தொடர முடிகிறதா? அல்லது நானே உங்களைத் தொடர்ந்து வர வேண்டுமா?” அரங்கு அதிரும். நாடாளும் வல்லாளரின் கைக்கருவி, குறிப்பேட்டோடு கூனிக் குறுகும்.

தொடர்ந்து போகத்தான் நேர்ந்தது. 1935 மே திங்களில் அரங்கை மூடினார்கள். பிங்க் எஸ்டர்வேகன் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அதற்கு முன்பே, 1934 டிசம்பரில், ஆட்சியையும் கட்சியையும் இழித்துப் பேசுவதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் செய்துவிட்டார்கள். பிங்க் உயிரோடு மீண்டார். ராபர்ட் டோர்சே என்ற நடிகர் மீளவில்லை. ஆட்சியை எள்ளியவர் என்று 1943 அக்டோபரில் கொன்றார்கள். ‘நகரங்களைத் துடைத்தழிப்போம்’ என்பது அங்கே அரசியல், ‘தொடர முடிகிறதா?’ என்பது அங்கே குற்றம். ஓர் ஆட்சி எந்தச் சிரிப்புக்குக் கைதட்டுகிறது, எந்தச் சிரிப்புக்கு விலங்கு பூட்டுகிறது என்று பார்த்தால், அதன் சாதகத்தைச் சோதிடன் இல்லாமலே கணித்துவிடலாம்.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்லும்போது மேடையில் என் குரல் தாழ்ந்துவிட்டது. எழுத்தில் குரலைத் தாழ்த்த வழியில்லை. நீங்களே மெதுவாகப் படியுங்கள்.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்னும் சிறு நாடு. 1993 சூலையில் அங்கே ஒரு வானொலி தொடங்கியது, ஆர்.டி.எல்.எம். என்று பெயர். அரசு வானொலி பாடம் நடத்தும், இதுவோ பாட்டுப் போடும், கிண்டல் செய்யும், தெருவில் பேசும் தமாஷ் பேச்சைத் தெருவில் பேசும் மொழியிலேயே பேசும். கந்தானோ அபிமானா என்ற அறிவிப்பாளன் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். இளைஞர் கூட்டம் வானொலிப் பெட்டியைச் சுற்றி மொய்த்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு சொல் வந்து வந்து போகும்: ‘இன்யென்சி’. கரப்பான்பூச்சி என்று பொருள். தூட்சி மக்களுக்கு அங்கே வைத்த பெயர் அது.

பெயர்தானே என்று எண்ணலாம். எம்டனும் பெயர்தானே! அல்ல, தோழர்களே. அடிபட்டவன் அடித்தவனுக்கு வைத்த பெயர் அது. அடிக்கப் போகிறவன் அடிபடப் போகிறவனுக்கு வைத்த பெயர் இது. கரப்பான்பூச்சியை யாரும் கொலை செய்வதில்லை, நசுக்குகிறார்கள். கொலை என்ற சொல்லே வேண்டாமல் போய்விட்டது.

1994 ஏப்ரல் 6 அன்று நாட்டுத் தலைவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாட்களில் கொல்லப்பட்டவர்கள் எட்டு இலட்சம் பேர் வரை. பெரும்பாலும் அரிவாளால், தடியால். அண்டை வீட்டான் கையால். அந்த வானொலி அப்போதும் பாட்டுப் போட்டது. அப்போதும் கிண்டல் செய்தது. இடையிடையே இன்னார் இன்ன இடத்தில் ஒளிந்திருக்கிறார் என்று பெயரும் இடமும் சொன்னது. அதன் அலையைத் தடுக்கலாமே என்ற யோசனை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குப் போனபோது, அதற்கான விமானம் பறக்க மணிக்கு ஏறத்தாழ 8,500 டாலர் ஆகும் என்றும் கணக்குப் போட்டு, வேண்டாமென்று குறிப்பு எழுதினார்கள். கணக்கில் பிழையில்லை. அந்தச் சிரிப்பின் விலையை மட்டும் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

2003 டிசம்பரில் தான்சானியாவின் அருசா நகரில் அமர்ந்த பன்னாட்டு நீதிமன்றம், அந்த வானொலியை நிறுவியவர்கள் இருவரையும், ‘கங்குரா’ என்ற ஏட்டின் ஆசிரியரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன என்பதும் உண்மை. நிறுவியவர்களில் ஒருவர், பெர்டினாண்டு நகிமானா, வரலாற்றுப் பேராசிரியர். துப்பாக்கியோ அரிவாளோ வெட்டுக்கத்தியோ தூக்காமலே ஆயிரமாயிரம் பேரின் சாவுக்குக் காரணமானீர் என்று நீதிபதி அவரைப் பார்த்துச் சொன்னார். மேடைப் பேச்சாளன் ஒவ்வொருவனும் அந்தத் தீர்ப்பை ஒருமுறையேனும் படிக்க வேண்டும். நான் படித்த இரவு உறங்கவில்லை.

பெரிய இடத்து வீராப்பு இன்னும் சிறிது மிச்சமிருக்கிறது, விரைந்து கடப்போம். 1956 நவம்பரில் மாஸ்கோவில், போலந்துத் தூதரக விருந்தொன்றில் மேலை நாட்டுத் தூதர்களைப் பார்த்து, ‘உங்களைப் புதைப்போம்’ என்றார் குருசேவ். தூதர்கள் எழுந்து வெளியேறினர். மண்வெட்டியால் புதைப்போம் என்றா சொன்னேன், உங்கள் தொழிலாளரே உங்களைப் புதைப்பர் என்றல்லவா சொன்னேன் என்று 1963இல் அவரே விளக்கம் தந்தார். உவமைக்கு ஏழாண்டு கழித்துப் பொழிப்புரை! அதற்கிடையே 1960 செப்டம்பரில் ஐ.நா. பேரவையில் பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் மெக்மில்லன் பேசிக்கொண்டிருக்கையில், குருசேவ் மேசையைக் குத்திக் கூச்சலிட்டார். மெக்மில்லன் பேச்சை நிறுத்தி, அமைதியாக, “இதனை மொழிபெயர்த்துச் சொன்னால் நலம்” என்றார். மேசைக் குத்துக்கு மொழிபெயர்ப்பு! அடுத்த மாதம் காலணிக் கூத்து நடந்த நாளில், அமைதி அமைதி என்று தட்டித் தட்டி, அவைத்தலைவர் போலண்டின் சுத்தியலே உடைந்துபோயிற்று.

அப்போது இரண்டு வல்லரசுகளிடமும் அணுகுண்டு இருந்தது. அதை மறந்துவிட்டுச் சிரிக்கிறோம். தப்பிப் பிழைத்ததனால் சிரிக்கிறோம்.

நம் நாளிலும் கண்டோம். 2017 ஆகஸ்டு 8 அன்று, வடகொரியாவுக்கு உலகம் காணாத நெருப்பும் சீற்றமும் காட்டுவோம் என்றார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப். செப்டம்பரில் ஐ.நா. மன்றத்திலேயே அந்த நாட்டை முற்றாக அழிப்போம் என்றார். அதன் தலைவரை ‘ராக்கெட் மனிதன்’ என்று கிண்டலும் செய்தார். மூளை தளர்ந்த கிழவன் என்று பதில் வந்தது அங்கிருந்து. 2018 புத்தாண்டன்று, அணுகுண்டுப் பொத்தான் என் மேசைமேல் இருக்கிறது என்றார் கிம். என் பொத்தான் அதைவிடப் பெரிது, வேலையும் செய்யும் என்று மறுநாள் டிரம்ப் பதில் எழுதினார். உலகமே சிரித்தது. பொத்தான் அளவைப் பற்றி எத்தனை துணுக்குகள், எத்தனை கேலிச் சித்திரங்கள்!

சனவரி 13, காலை 8 மணி 7 நிமிடம். அவாய்த் தீவு மக்களின் கைப்பேசிகளில் ஓர் அறிவிப்பு: ஏவுகணை வருகிறது, உடனே ஒதுங்கிடம் தேடுங்கள், இது ஒத்திகை அன்று. பணிநேரம் மாறும் வேளையில் நடந்த ஒத்திகையை மெய்யென்று எண்ணி ஓர் ஊழியர் அனுப்பிவிட்ட தவறான செய்தி அது. தவறென்ற மறு அறிவிப்பு கைப்பேசிக்கு வர 38 நிமிடம் ஆயிற்று. அந்த 38 நிமிடமும் தாய்மார் தம் குழந்தைகளைக் குளியல் தொட்டிக்குள் கிடத்தி மேலே கவிழ்ந்து கிடந்தனர். எந்தப் பிள்ளைக்குக் கடைசியாக விடை சொல்வது என்று தெரியாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். பொத்தான் துணுக்கு அந்தக் குளியல் தொட்டிக்குள் எப்படி ஒலித்திருக்கும்? சில நாள் கழித்து, ‘ஏவுகணைக்குத் தப்பியவன் நான்’ என்னும் பொருளில் எழுதிய சட்டைகளை அங்கே விற்றார்கள். அந்தச் சிரிப்புக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. 38 நிமிடம் கொடுத்து வாங்கிய உரிமை அது. அதே ஆண்டு சூன் 12 அன்று சிங்கப்பூரில் பொத்தான்காரர் இருவரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

உலகைச் சுற்றி வந்துவிட்டோம். இனி நான் தப்ப முடியாது.

என் கைதட்டலுக்கு மறுநாள் காலை, அந்த ஊர் முச்சந்தியில் ஒரு முதியவரை அடித்துப் போட்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டிப் பிழைப்பவர். நாளைக்கு எங்கள் சுவரொட்டியைக் கொடுத்தாலும் ஒட்டுவார். கொடிக்கம்பத்தருகே பசைவாளியோடு போனதைப் பார்த்த இரண்டு பையன்கள் அவர் வலக்கையை முறித்துவிட்டார்கள். கயிற்றை அவர் அறுக்கவில்லை. நைந்த கயிறு காற்றில் அறுந்தது என்று பின்னால் தெரிந்தது.

பையன்களில் ஒருவனைக் காவல் நிலையத்தில் பார்த்தேன். பத்தொன்பது வயது. “நீங்க சொன்னதைத்தானே அண்ணே செஞ்சோம்?” என்றான். “நான் சொன்னது உவமையடா” என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எந்த நாடகத்திலும் எழுத எனக்குத் துணிவில்லை. வழக்கு அவர்கள்மேல் நடந்தது. ஏட்டில், சாட்சியில், தீர்ப்பில், எங்கும் என் பெயர் இல்லை.

மருத்துவமனைக்கும் போனேன். கட்டுப் போட்ட கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார் பெரியவர். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மேடையில் ஊற்றெடுக்கும் தமிழ் அங்கே வற்றிவிட்டது. அவர்தான் பேசினார்: “ராத்திரி உங்க பேச்சைக் கேட்டேன் தம்பி. நல்லாத்தான் பேசினீங்க. இப்பக் கைதட்டலாம்னா, ஒரு கையை வச்சுக்கிட்டு எப்படித் தட்டுறது?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கட்டிலருகே நின்றிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை.